காலண்டர் தாளில் ஐந்து வரி: தினசரி வேலைப் பட்டியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுப்பது என் வேலை. ஊர் காங்கேயம் பக்கம். அங்கே கொஞ்சம் தென்னை, இரண்டு மாடு. தினசரி காலண்டரில் கிழித்த தாளை எறியாமல், அதன் பின்பக்கத்தில் அடுத்த நாள் வேலைகளை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பதினைந்து வருடங்களாக இருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு உடன் வேலை செய்பவர்களும் பங்காளிகளும் மச்சான்மார்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகள் கேலியாகக் கேட்கப்பட்டவை. அவற்றுக்கும் பதில் உண்டு.

எல்லாம்தான் மனதில் இருக்கிறதே, எதற்கு எழுத வேண்டும்?

மனதில் இருப்பதுதான் தொந்தரவு. முடித்த வேலையை மனம் இறக்கி வைத்துவிடும்; முடியாத வேலையைத் தூக்கிக்கொண்டே திரியும். பெர்லினில் ஆய்வு செய்த புளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் இதைப் பற்றி எழுதினார். அவருடைய சோதனைகளில், முடித்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளே ஆட்களுக்கு அதிகம் நினைவில் நின்றன. 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார்கள். முடியாத வேலை வந்து வந்து குறுக்கிடுவதை நிறுத்த, அந்த வேலையை முடிக்கக்கூடத் தேவையில்லை. அதை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே போதும் என்று கண்டார்கள்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, இதற்குத் துண்டைப் பயன்படுத்தினார். சந்தைக்குப் போகும்போது துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். ஒரு வேலைக்கு ஒரு முடிச்சு, முடிந்தால் அவிழ்த்துவிடுவார். ஒருமுறை இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, அவிழ்க்காத ஒரு முடிச்சை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இருந்தது, அது எதற்கு என்பதுதான் போய்விட்டது. மறுநாள் காலையில் ஏர் பூட்டப் போனபோதுதான் மூக்கணாங்கயிறு வாங்க மறந்தது தெரிந்தது.

தாளா, கைபேசியா?

எதில் எழுதினால் திரும்பப் பார்ப்பீர்களோ, அதில். எனக்குக் கைபேசி ஒத்துவரவில்லை. பட்டியலைப் பார்க்க எடுத்தால் சொந்தக்காரர்கள் குழுவில் வந்த கிடாவெட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். பட்டியல் அப்படியே இருக்கும்.

காலண்டர் தாளின் சிறப்பு, அதில் இடம் கிடையாது என்பது. கொஞ்சம் பெரிதாக எழுதினால் ஐந்தாறு வரி கொள்ளும். நோட்டுப் புத்தகம் வாங்கினால் முப்பது வரி எழுதத் தோன்றும். புது வருடத்துக்கு நகைக்கடையில் கொடுக்கும் தடித்த டைரி இன்னும் மோசம். ஜனவரி 9ஆம் தேதி வரை அழகான கையெழுத்து, அதற்குப் பிறகு பால் கணக்கு.

இன்னொரு விஷயம், நான் இதைச் ‘சீட்டு’ என்று சொல்வதில்லை. எங்கள் பக்கம் சீட்டு என்றால் யார் ஏலம் எடுத்தார்கள் என்றுதான் கேட்பார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை வேலை எழுதலாம்?

ஐந்து. ஆறு வரை பொறுக்கலாம்.

இதற்கு ஒரு பழைய அமெரிக்கக் கதை சொல்வார்கள். 1918 வாக்கில் பெத்லகேம் எஃகு நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் ஷுவாபிடம் ஐவி லீ என்ற ஆலோசகர் சொன்னாராம்: இரவில் மறுநாளைக்கான ஆறு வேலைகளை முக்கியத்துவ வரிசையில் எழுதுங்கள், காலையில் முதல் வேலையை முடிக்காமல் இரண்டாவதைத் தொடாதீர்கள், மிஞ்சியதை அடுத்த நாள் ஆறுக்குள் சேருங்கள். சில மாதம் கழித்து ஷுவாப் 25,000 டாலருக்குக் காசோலை அனுப்பினார் என்று கதை முடியும். வாய்மாறி வாய்மாறி மெருகேறிய கதையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முறையில் குறை காண முடியவில்லை.

எனக்கு இதைப் புரியவைத்தது வாய்க்கால். பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தில் ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் விடும்போது மற்ற மண்டலங்கள் காத்திருக்க வேண்டும். நாங்கள் காங்கேயம், வெள்ளகோயில் பக்கத்துக் கடைமடைக்காரர்கள். தண்ணீரின் அருமை எங்களைவிட யாருக்குத் தெரியும்? நான்கு மண்டலத்துக்கும் ஒரே நாளில் மதகைத் திறந்தால் எல்லோருக்கும் நியாயம் செய்ததுபோல இருக்கும். ஆனால் கடைசி வயலுக்கு ஈரம்கூட வந்து சேராது. ஒரு நாள் பொழுதும் அவ்வளவுதான். இருபது வேலைக்கும் ஒரே நாளில் மதகைத் திறந்துவிட்டு, மாலையில் எதுவும் நனையவில்லை என்று வருத்தப்பட்டுப் பயன் இல்லை. தாளில் எழுதும் ஐந்து வரி என்பது ‘இன்று இவற்றின் முறை’ என்பதுதான். மற்ற பதினைந்துக்கும் முறை வரும், இன்று இல்லை.

அந்தப் பதினைந்தை எங்கே வைப்பது என்று உடனே கேட்பீர்கள். அதற்கு ஒரு பழைய நோட்டு இருக்கிறது. தோன்றியதையெல்லாம் அதில் எழுதுவேன், வரிசை கிடையாது. இரவில் அதிலிருந்து ஐந்தை எடுத்துத் தாளுக்கு மாற்றுவேன். நோட்டை வெளியே எடுத்துப் போவதில்லை.

எப்போது எழுதுவது? இரவிலா, காலையிலா?

அலுவலக வேலை, வியாபாரம் என்றால் இரவில். 2018இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம், ஒரு பாதிப் பேர் முந்தைய சில நாட்களில் முடித்த வேலைகளை எழுதினார்கள். மறு பாதி இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். சின்னச் சோதனைதான். இருந்தாலும் சரக்கு அனுப்பும் வாரத்தில் இரண்டு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

தோட்ட வேலைக்கு இந்த விதி பொருந்தாது. மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது, இரவு மழை பெய்ததா, வேலைக்கு எத்தனை ஆள் வந்தார்கள் என்பது விடிந்த பிறகுதான் தெரியும். என் தம்பி காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, மாடு கட்டும் கட்டுத்தரைச் சுவரில் கரித்துண்டால் எழுதுகிறான். மூன்று வரிதான். மாலையில் ஈரச் சாக்கால் துடைத்துவிடுகிறான்.

தாளில் எழுதியும் வேலை நடக்கவில்லை. என்ன தவறு?

பெரும்பாலும் எழுதிய விதம். இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

சில வருடம் முன்பு ஒரு டி-சர்ட் ஆர்டர். திங்கட்கிழமை என் தாளில் ‘லேபிள்’ என்று எழுதினேன். செவ்வாயும் ‘லேபிள்’. புதன், வியாழன் இரண்டு நாளும் அதே. ஒவ்வொரு முறை தாளை எடுக்கும்போதும் அந்தச் சொல்லைப் பார்ப்பேன், ‘ஆமாம், லேபிள்’ என்று தலையாட்டிக்கொள்வேன், அடுத்த வரிக்குப் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை பேக்கிங் மேற்பார்வையாளர் வந்து மேஜை முன் நின்றார். “சார், அயர்ன் முடிந்து துணி அடுக்கி வைத்திருக்கிறோம். துவைக்கும் முறை போட்ட லேபிள் எங்கே?” என்றார்.

அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். லேபிள் அச்சடிப்பவரிடம் மாதிரி போய்ச் சேரவே இல்லை. ஏன் போகவில்லை? துணியில் பருத்தி 95 சதவீதம், எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் 5 சதவீதம். ஆர்டர் தாளில் பருத்தி 100 என்று இருந்தது. எதைப் போடுவது என்று வாங்குபவரிடம் கேட்க வேண்டும். அந்த ஒரு மின்னஞ்சலை எழுதச் சங்கடமாக இருந்தது, ‘இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பார்களோ என்று. நான் எழுத வேண்டியிருந்த வரி ‘லேபிள்’ இல்லை; ‘பருத்தி விகிதம் எதைப் போடுவது என்று வாங்குபவருக்கு மின்னஞ்சல் அனுப்ப’ என்பது. பத்து நிமிட வேலை. பதில் வந்து, அச்சடித்து, தைத்து முடிக்கும்வரை தைத்த துணி அட்டைப்பெட்டிக்குள் போகாமல் கிடந்தது. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி காலியாகத் திரும்பியது. வாடகை கொடுத்தோம்.

அப்பாருவின் முடிச்சுக்கும் என் ‘லேபிள்’ என்ற சொல்லுக்கும் வித்தியாசம் கிடையாது. அதனால் இப்போது ஒரு பழக்கம்: ஒவ்வொரு வரியும் வினைச்சொல்லில் முடிய வேண்டும். கேட்க, அனுப்ப, எண்ண, வாங்க, போய்ப் பார்க்க. யாரிடம், என்ன என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். இந்தத் தாளை வேறு ஒருவர் கையில் கொடுத்தால் என்னிடம் கேட்காமல் அவர் செய்துவிட முடியுமா என்று பார்ப்பேன். முடியாது என்றால், வேலை என்னவென்று எனக்கே இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

‘மகள் கல்யாணம்’, ‘வீடு கட்டுவது’, ‘ஆங்கிலம் கற்க’ போன்றவற்றைத் தாளில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ‘மண்டபத்துக்கு வைகாசியில் எந்த முகூர்த்தம் காலியாக இருக்கிறது என்று போனில் கேட்க’ என்று எழுதினால் இன்றே முடியும்.

ஒரு நாள் தாளைக் காட்ட முடியுமா?

போன மாதத்து வியாழக்கிழமை ஒன்று:

சாயப்பட்டறைக்குப் போய்க் கருநீலத் துணியை ஒப்புதல் மாதிரியோடு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க – 11 மணிக்குள்
தோள் அளவு அரை சென்டிமீட்டர் கூடுகிறது, ஏற்பார்களா என்று வாங்குபவருக்கு எழுத
பொத்தான் கடைப் பாக்கியை அனுப்ப
அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை 30 வாங்க
தேங்காய் வெட்டுபவர் ஞாயிறு வருவாரா என்று கேட்க

முதல் வரிக்கு மட்டும் நேரம் போட்டிருக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அங்கே ஆள் கிடைக்காது. ஐந்தில் நான்கு முடிந்தது. மின்னஞ்சல் மட்டும் மறுநாளுக்குப் போனது. சங்கடமான மின்னஞ்சல்தான் எனக்கு எப்போதும் மிஞ்சும்; இப்போது அதை முதல் வரியில் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ராகுகாலம் பார்க்க வேண்டுமா?

கேலியாகக் கேட்கப்பட்டது, ஆனால் தாளின் முன்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறதே. திங்கள் 7.30 முதல் 9 வரை, வெள்ளி 10.30 முதல் 12 வரை. எங்கள் அம்மா அந்த நேரத்தில் எதையும் புதிதாகத் தொடங்க விடமாட்டார். ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரத் தடை சொல்ல மாட்டார். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பாதியில் நிற்கும் வேலைக்கென்று தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியதாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

வரி கட்டுவது, தவணை கட்டுவது எல்லாம் இதிலேயே எழுதலாமா?

தேதி கெடு உள்ளவை சுவர்க் காலண்டருக்கு. மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் 11ஆம் தேதி, வரியோடு கூடிய கணக்கு 20ஆம் தேதி. அந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்; அதற்கு மூன்று நாள் முன்பும் ஒரு வட்டம். முதல் வட்டம் வரும் நாளில்தான் அது தாளுக்கு வர வேண்டும், அதுவும் ‘இந்த மாத பில்களை ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுக்க’ என்ற உருவத்தில்.

மாலையில் பாதி மிஞ்சுகிறதே?

எல்லோருக்கும் மிஞ்சும். நேரத்தைக் கணிப்பதில் நாம் எல்லோரும் கஞ்சர்கள். 1979இல் கானேமன், டிவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தத் தவறுக்குத் ‘திட்டமிடல் பிழை’ (planning fallacy) என்று பெயர் வைத்தார்கள். 1994இல் கனடாவில் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாள். எல்லாம் கெட்டுப்போவதாக நினைத்துப் போட்ட கணக்கையும் தாண்டிவிட்டது.

ஆகவே மாலையில் இரண்டு மிஞ்சினால் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம், அடுத்த நாள் தாளுக்குக் கையால் திரும்ப எழுதுங்கள். திரும்ப எழுதும் கை வலியே ஒரு கேள்வி கேட்கும். மூன்றாவது முறை எழுத நேர்ந்தால் நிறுத்திவிட்டு யோசியுங்கள். அந்த வேலை பெரிதாக இருக்கிறதா? உடையுங்கள். வேறு யாராவது செய்யலாமா? கொடுங்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றால் அடித்துவிடுங்கள். அடிப்பதும் முடிப்பதுதான்.

திடீரென்று கேதம், மின்தடை, ஆள் வராமை. அன்றைக்குப் பட்டியல் என்ன ஆகும்?

நம் ஊரில் வாரம் ஒருமுறையாவது இது நடக்கும். பராமரிப்பு மின்தடை என்றால் முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். அன்றைக்கு வெளியே போகும் வேலைகளை மட்டும் எழுதலாம். கேதம் சொல்லிவிட்டு வராது. செய்தி வந்ததும் கிளம்புமுன் தாளை எடுத்து, இன்று செய்தே தீர வேண்டியது எது என்று ஒரே ஒரு வரியில் வட்டம் போடுவேன். அதைக் காரில் போகும்போது போனில் முடிப்பேன், அல்லது யாரிடமாவது ஒப்படைப்பேன். மற்ற நான்கையும் மறந்துவிட்டுப் போக வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பேன். இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்ப்பவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊழியர்களுக்கும் இப்படித் தினமும் எழுதிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், அவர்களே எழுதட்டும். நீங்கள் கொடுக்க வேண்டியது வேறு தாள்: தினமும் மாறாத சரிபார்ப்புப் பட்டியல். இரண்டும் வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1935 அக்டோபரில் போயிங் நிறுவனத்தின் புது குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனை ஓட்டத்தில் விழுந்தது. இயந்திரத்தில் கோளாறு இல்லை; நிறுத்தி வைக்கும்போது போடும் பூட்டை எடுக்காமலே புறப்பட்டுவிட்டார்கள். விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் பரவலானது அதற்குப் பிறகுதான். தேர்ந்த கைக்கும் அது வேண்டும். எங்கள் பேக்கிங் மேஜைக்கு மேலே இப்போது ஏழு வரி ஒட்டியிருக்கிறது. முதல் வரி லேபிள்.

வீட்டு வேலை முடியவே முடியாது. அதற்கு என்ன பட்டியல்?

இந்தக் கேள்வி என் மனைவி கேட்டது. “உங்கள் தாளில் சமையல் என்று ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லையே, உங்களுக்கு ஐந்து வரி போதும்தான்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றாடம் திரும்பும் வேலைகளைத் தாளில் எழுதக் கூடாது என்பது என் விதி. ஆனால் அந்த அன்றாடத்தை யார் செய்கிறார்கள் என்பது விதிக்கு வெளியே நின்றுவிட்டது. இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்னொரு தாள் இருக்கிறது. மாவு ஆட்டுவது, துணி மடிப்பது, சிலிண்டர் பதிவு செய்வது, அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போவது என்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பெயர் இருக்கிறது. மாவு என் பெயரில். கிரைண்டரைக் கழுவுவதும் அதில் சேரும் என்பதை முதல் வாரமே தெரிந்துகொண்டேன்.

இதனால் உண்மையிலேயே அதிக வேலை நடக்கிறதா?

எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை என்றுதான் சொல்வேன். முன்பும் நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தேன். முன்பு யார் முதலில் போன் செய்தார்களோ அவர்கள் வேலை நடந்தது. இப்போது யார் வேலை முதலில் என்று இரவில் நானே தீர்மானிக்கிறேன். லாரி காலியாகத் திரும்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எழுந்து ஓடுவது குறைந்திருக்கிறது.

பழைய தாள்களை என்ன செய்வீர்கள்?

பில் குத்தும் கம்பியில் குத்தி வைப்பேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு எடுத்துப் போய், வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு உள்ளே போடுவேன். எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று அப்போது தெரியும். போன மாதத்துக் கட்டில் ‘கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட’ என்று ஒன்பது தாளில் இருந்தது. மூன்று முறைக்கு மேல் எழுதக் கூடாது என்று சொன்னவன் நான்தான். தம்பி அந்தத் தாள்களை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கட்டுத்தரைச் சுவரைக் காட்டினான். அன்றைய மூன்று வரியில் இரண்டாவதாக அது இருந்தது. மேலே கோடு போட்டிருந்தான்.